அஹோரீட்டா என்று சொன்ன வியாழக்கிழமை

அசுவா, செவ்வாய்க்கிழமை

என் கண்ணான மகள் யோகாஸ்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். நீயும் மாப்பிள்ளையும் என் செல்லப் பேத்தி மாயாலென் குட்டியும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அல்தாகிராசியா மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். உங்கப்பாவுக்குப் போனது குரல்தானே, காது பாம்புக் காது, நான் கொல்லையில் நின்று உன்னிடம் கிசுகிசுத்தாலும் முன்னறையில் இருந்து மேஜையைத் தட்டுகிறார். அதனால் உன் ஞானத்தாய் நெரெய்டா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் நாளைக்கு விமானம் ஏறி மகனைப் பார்க்க உன் ஊருக்குத்தானே வருகிறாள், வியாழக்கிழமை உன் கையில் இதைக் கொடுத்துவிடுவாள். கூடவே தேங்காய் மிட்டாயும், மரவள்ளி ரொட்டி இரண்டு கட்டும், நம் மலையில் காய்ந்த ஓரேகானோ இலையும் அனுப்பியிருக்கிறேன், ரொட்டி நொறுங்கியிருந்தால் அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் விஷயம்தான். அதை மாற்று அம்மா, மாற்று அம்மா, அக்டோபரோடு பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு நின்றுவிடும், திருடன் உள்ளே வந்துவிடுவான் என்று நீ ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அது மாறிவிட்டது. மாறிய விதம்தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தவறு என்னுடையது. இல்லை, முழுக்க என்னுடையது இல்லை என்று இப்போது தெரிகிறது, ஆனால் நான்கு நாள் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தேன்.

நீ அப்போதே கடல் தாண்டிப் பில்பாவோ போய்விட்டாய், அதனால் உனக்குச் சில விஷயம் முழுசாகத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் டாக்டர் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி இருபது நாள் தவணை கொடுத்தாரே, அந்த இருபது நாளும் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா? முப்பத்தேழு வருடம் அந்த ஒலிபெருக்கி வண்டியை ஓட்டி, இன்னார் காலமானார், இன்ன கடையில் தக்காளி மலிவு, நாளைக்குத் தண்ணீர் வராது என்று இந்த ஊருக்கே சொன்ன மனுஷன், அதே வண்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நிறுத்தி, சத்தம் வராமல் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசினார். வார்த்தை வார்த்தையாக, வாக்கியம் வாக்கியமாக. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தாள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது துண்டு. காப்பி கொண்டா, ஜன்னலைச் சாத்து, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், போடா முட்டாள், பார்க்கலாம், பெல்கிஸ், பெல்கிஸ் வா. என் பெயரை மட்டும் ஏழு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார், கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, அப்படி. அந்த மாணவி எழுதிய புரோகிராம்தான் அந்தத் துண்டுகளைக் கோத்து அவர் தட்டுகிறபடி பேசும். அவள் கனடா போய்விட்டாள். மூன்று தடவை எழுதினோம், பதில் இல்லை. அவள் பழைய சிஸ்டத்துக்கென்று எழுதியது புதியதில் ஓடுமா என்று கேட்க இந்த உலகத்தில் வேறு ஆளும் இல்லை. அந்தப் பயத்தில்தான் காலையில் காப்பி குடித்ததும் முதல் வேலையாகப் போய், புதியதுக்கு மாறலாமா என்று திரையில் வருகிற கேள்விக்கு, 'பிறகு நினைவூட்டு' என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு வருவேன். ஒன்றரை வருடம் தவறாமல் அமுக்கினேன். பூசைக்குப் போகத் தவறியதுண்டு, இதற்குத் தவறியதில்லை.

ஆனால் அந்தப் பெட்டி கிழடு தட்டிவிட்டது மகளே. உங்கப்பா ஒன்றைத் தட்டினால் அது யோசித்து யோசித்துச் சொல்லும். எதிர்வீட்டுப் பெர்சியோவைத் தெரியுமே, எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பாரே, அவர் ஒரு நாள் டோமினோ ஆட்டத்தில் கட்டையை மாற்றி வைத்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தார். உங்கப்பா பதிலைத் தட்டினார், பெட்டி அசையாமல் நின்றுவிட்டது. பெர்சியோ ஜெயித்த மிதப்பில் எழுந்து தெருவைத் தாண்டி அவர் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து உங்கப்பா குரல் முழங்குகிறது, திருட்டுப் பயலே கையைக் காட்டு என்று. அது காதில் விழுந்து பெர்சியோ திரும்பி வந்து மறுபடி சண்டை. அதைச் சொல்லி நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். ஆனால் ஜூன் மாதம் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க முடியாது, உன்னிடம் மறைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். கழுத்தில் மூச்சு விடுகிற துவாரத்தில் சளி அடைத்துக்கொண்டது. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிடுகிற பொத்தானை அமுக்கியிருக்கிறார், பெட்டி வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்து வந்து, முகம் கறுத்துப்போய், என் முதுகில் அடித்தார். நான் துவாரத்தைச் சுத்தம் செய்து அவருக்கு மூச்சு திரும்பின பிறகு உள்ளேயிருந்து கேட்கிறது, பெல்கிஸ் வா, பெல்கிஸ் வா. அன்றைக்கே அவர் நாற்காலியில் ஓர் ஆட்டு மணியைக் கட்டினேன். கட்டினேனே ஒழிய, மாற்றாமல் இருந்தாலும் ஆபத்து, மாற்றினாலும் ஆபத்து என்று எனக்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

பெர்சியோவிடம் கேட்டேன். "தொண்டையில கத்தி வச்சப்பவே ஒரு குரல் போச்சு பெல்கிஸ். இதுலயும் கை வச்சா ரெண்டாவதும் போயிடும், அப்புறம் உன் புருஷன் ராதாமேஸ் ஊமைதான்" என்றார். உங்கப்பாவிடம் கேட்டால் பார்க்கலாம் என்ற அந்த ஒரே துண்டைத்தான் ஓட்டுவார். கடைசியில் சந்தைத் தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற யுஸ்மாரியை வரச்சொன்னேன். வெனிசுவேலாக்காரப் பெண், இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது, கெட்டிக்காரி, முகம் கோணாமல் பேசுவாள். போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். முதல் வேலையாக அப்பாவின் ஆயிரத்து நூற்று நாற்பது துண்டையும் டோமினோ கட்டை அளவு ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். குரல் பத்திரம், ஆனால் அதைக் கோத்துப் பேசவைக்கிற புரோகிராம் புதிய சிஸ்டத்தில் திறக்குமா என்று சத்தியம் செய்ய முடியாது, பாதிக்குப் பாதி என்றாள். நான் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன், அதுவரை யோசிக்கிறேன் என்று போனேன். வந்தேன். உங்கப்பா நாற்காலியில் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டாள், "ஆரம்பிச்சுடலாமா அம்மா?" நான் சொன்னேன், "அஹோரீட்டா மகளே." சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனேன்.

உனக்குத் தெரியும், நம் நாட்டில் அஹோரீட்டா என்றால் என்ன. அப்புறம் பார்க்கலாம், அவசரப்படாதே, சாயங்காலம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம். கடன்காரனுக்கும் சொல்வோம், கல்யாணத் தேதி கேட்கிறவனுக்கும் சொல்வோம். அவள் நாட்டில் அதே வார்த்தைக்கு இந்த நிமிஷமே என்று அர்த்தமாம். ஐம்பத்தெட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை, அதற்கு இன்னொரு முகம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? மூன்று கோப்பையோடு வெளியே வந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, பதினான்கு சதவீதம், கம்ப்யூட்டரை நிறுத்தாதீர்கள் என்று எழுத்து. நிறுத்து என்று நான் கத்த, அவள் வெளுத்துப்போய், "நீங்கதானே அம்மா இப்பவேன்னு சொன்னீங்க? இனிமே நடுவுல நிறுத்தினா எல்லாம் போயிடும்" என்கிறாள். இரண்டு பேரும் ஸ்பானியம்தான் பேசுகிறோம், இரண்டு பேருக்கும் அழுகை வருகிறது. உங்கப்பா மட்டும் காப்பியை எடுத்துக் குடித்தார்.

அதோடு முடிந்ததா? அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பேட்டரியின் லட்சணம் உனக்குத் தெரியுமே, மின்விசிறி ஒன்று, விளக்கு ஒன்று போட்டாலே ஒரு மணி நேரத்தில் கூவ ஆரம்பித்துவிடும். ஓடிப்போய் குளிர்பெட்டியைப் பிடுங்கினேன், மின்விசிறியைப் பிடுங்கினேன், மாதா படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன விளக்கைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிடுங்கினேன். பெர்சியோ நம் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தன் டெலிவிஷனுக்கு வைத்திருக்கிறாரே, அதைப் பிடுங்கியதும் ஆட்டம் நடுவில் நின்றுவிட்டதென்று கோபமாக வந்தார், திரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துக்க வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டார். நம் ஊர் ஆகஸ்டு வெயிலில் காற்றில்லாமல் நான்கு பேர் வேர்த்துக் கொட்ட அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. நான் ஜெபமாலையை இரண்டு சுற்று முடித்தேன். இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தபோது தொண்ணூற்றெட்டு. அது செத்தே போகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன், கரண்ட் வந்துவிட்டது. இந்த அரசாங்கத்தை நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வாழ்த்தினேன்.

சிஸ்டம் வந்தது, பளிச்சென்று வந்தது. அப்பாவின் புரோகிராம் வரவில்லை. அமுக்கினால் ஒரு சின்னக் கட்டம் வந்து இதைத் திறக்க இயலாது என்கிறது. யுஸ்மாரி சாப்பிடக்கூட எழாமல் மூன்று மணிவரை என்னென்னவோ செய்து பார்த்தாள், முடியவில்லை. கவலைப்படாதீர்கள், பத்து நாளைக்குள் பழையபடியே திருப்பிவிட ஒரு வழி இருக்கிறது, அதற்கப்புறம்தான் முடியாது என்று சொல்லி, நாளைக்கே வந்து திருப்பித் தருகிறேன் என்றாள். எனக்கு உயிர் வந்தது. உங்கப்பா என்ன செய்தார்? நோட்டுப் புத்தகத்தை எடுத்து வேண்டாம் என்று எழுதினார். நாளைக்கு வேண்டாம், அப்புறம். எனக்கு என் மேலேயே வெறுப்பு. என் ஒரு வார்த்தையால் மனுஷனுக்கு இரண்டாவது தடவையாகக் குரல் போய்விட்டது, மனம் உடைந்துபோய் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் நோட்டில் எழுதியும் மணியை ஆட்டியும்தான் எல்லாம். வீடு வீடாகவே இல்லை. கோபமான பெல்கிஸாவது ஒன்று கேட்காதா என்று இருந்தது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை போன் வேலை செய்யவில்லை என்று உனக்குச் செய்தி அனுப்பினேனே, அது பொய். உன் முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடிந்திருக்காது.

நேற்று, திங்கட்கிழமை மத்தியானம், நான் அடுப்படியில் வாழைக்காய் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன், முன்னறையில் யாரோ ஓர் ஆள் பேசுகிறான். கேட்காத குரல். செய்தி வாசிக்கிறவன் குரல்போலத் தேய்த்து மினுக்கின குரல். மாயாலென் என்கிறான். மறுபடி கொஞ்சம் மெதுவாக, மாயாலென். கரண்டியோடு ஓடிவந்து பார்த்தால் அறையில் உங்கப்பாவைத் தவிர யாரும் இல்லை. விசைப்பலகையில் விரலை வைத்தபடி என்னைப் பார்க்கிறார், கண் நிறைந்திருக்கிறது. பழைய சிஸ்டத்திலும் அப்படி ஒரு குரல் இருந்தது, தகரத்தைத் தட்டினாற்போல், அதைக் கேட்டாலே அவருக்கு அருவருப்பு, தொட மாட்டார். இந்தப் புதியதில் மனுஷக் குரலாகவே இருக்கிறதாம், எதை எழுதினாலும் படிக்குமாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவள் பிறந்து பெயர் வைத்ததும் உங்கப்பா பட்ட பாடு? அவர் குரலைப் பதிவு செய்தபோது அவள் பிறக்கவே இல்லை, அந்த ஊர்க்காரர்கள் வைக்கிற அப்படியொரு பெயரும் நமக்குத் தெரியாது, ஆயிரத்து நூற்று நாற்பதில் அது இல்லை. இருந்தாலும் விடாமல், மே மாதத்தைச் சொல்கிற மாயோவிலிருந்து மா, கடற்கரையைச் சொல்கிற ப்ளாயாவிலிருந்து யா, சத்தம் போடாதே என்கிற சிலென்சியோவிலிருந்து லென் என்று வெட்டி ஒட்டினார். மூன்று அறையிலிருந்து மூன்று பேர் ஆளுக்கொரு எழுத்தைச் சொன்னதுபோல் வந்தது. போனில் மாப்பிள்ளை, மாமாவுக்கு விக்கலா என்று கேட்டார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், அவரும் தோளைக் குலுக்கிச் சிரித்தார். அதற்கப்புறம் அவளைப் பாப்பா என்ற துண்டால்தான் கூப்பிடுகிறார், மூன்று வருடமாக. அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று நான் கவனிக்கவே இல்லை மகளே. கூடவே இருந்தும் கவனிக்கவில்லை.

நோட்டில் அவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன். "கோழிக்குத் தீனி போடப் போனியே, அப்பவே அந்தப் பொண்ணு எனக்கு இந்தக் குரலைத் தன் போன்ல போட்டுக் காட்டிட்டா. நீ அஹோரீட்டான்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது, அவளுக்கு வேற மாதிரி புரிஞ்சதும் புரிஞ்சுது. மணி என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. ஆட்டலை." நான் அந்த நோட்டையே அவர் மேல் விட்டெறிந்தேன். நான்கு நாள் என்னை அழவிட்டு வேடிக்கை பார்த்தீரே, நீர் ஒரு மனுஷனா என்று கேட்டேன். அவர் நோட்டைப் பொறுக்கி, மடங்கின தாளை நீவிவிட்டு, இன்னொன்று எழுதினார். "சனிக்கிழமைவரைக்கும் திருப்ப முடியும். என் பழைய குரல்தான் உனக்கு வேணும்னா சொல்லு, திருப்பிடலாம். நீ சொல்றதுதான்."

இப்போது பார், முடிவை என் தலையில் வைத்துவிட்டார். நேற்று மத்தியானத்திலிருந்து நான் படுகிற பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த ஏழு பெல்கிஸும் வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பதினெட்டு வயதில், செத்தவன் பெயரை வண்டியில் சொல்லிக்கொண்டு போனவனை, ஜன்னலில் நின்று பார்த்தேன். டிஸ்கில் இருக்கிறதே என்று நெரெய்டா சொல்கிறாள். டிஸ்கில் இருப்பது நான் வேண்டும்போது போட்டுக் கேட்பது, அவர் கூப்பிடுவது ஆகாது. கூப்பிடுகிறதுதானே எனக்கு வேண்டும்? இந்தப் புது ஆள் என் பெயரைச் சொல்வதை நேற்று ஒரு தடவை கேட்டேன், பாங்கியிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது, வாயைப் பொத்தச் சொல்லிவிட்டேன். உங்கப்பாவிடம் சண்டை போட்டுப் பழையதுக்குத் திருப்பச் சொல், நீ சொன்னால் கேட்பார் என்று உனக்கு எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பழைய குரலில் அவருக்கு எல்லாம் இருந்தது, நான்கு வருடத்துக்கு முன்னால் இருந்ததெல்லாம். அதற்கப்புறம் நடந்த எதுவும் இல்லை. இனிமேல் நடக்கப்போவதும் இல்லை. மணி ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாரே, அந்த மனுஷனிடம் போய் என் பெயருக்காக உன் பேத்தி பெயரை விட்டுவிடு என்று எப்படிச் சொல்வேன்?

சொல்ல மாட்டேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிடப்போகிறேன், யுஸ்மாரிக்கும் வரவேண்டாம் என்று செய்தி அனுப்பிவிடுவேன், அவளிடம் மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கமாகச் சொல்வேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். இஸ்திரி போட்ட கையோடு குளிர்பெட்டியைத் திறக்காதே, சிரிக்காதே, உன் பெரியம்மாவுக்கு வாய் கோணிப்போனது அப்படித்தான். பிள்ளைக்குக் காலையில் கஞ்சி கொடு, பெட்டியில் வருகிற அந்த மொறுமொறுவெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், சிஸ்டத்தை மாற்றுவது எப்படி என்று அவர் முன்பு எழுதி அனுப்பிய பட்டியலில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை என்றும் சொல்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், மாதா தன் மேலாடையால் உங்களை மூடட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் முன்பின் தெரியாத ஓர் ஆள் மாயாலென் என்று கூப்பிடுவான். பிள்ளை பயந்து உன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், உனக்கே என்னவோபோல் இருக்கும். வைத்துவிடாதே. அவளை முன்னால் நிறுத்தி, தாத்தா உன் பெயரைச் சொல்கிறார், பதில் சொல் என்று சொல். நீயும் எப்போதும்போல ஆசீர்வாதம் கேள். அந்த ஆள்தான் கொடுப்பான், வாங்கிக்கொள்.

உன்னைப் பெற்றவளும், இனி அந்தப் புது ஆளுக்குத் தன் பெயரைச் சொல்லப் பழக்க வேண்டியவளுமான,
அம்மா பெல்கிஸ்